நெட்டைத் துரைக்கு நான் வாசித்த வாழ்த்து மடல்

அன்பு மகன் சேகருக்கு உன் அம்மா எழுதுவது. நல்ல சேதிகளை முதலில் எழுதிவிடுகிறேன். அப்புறம் எழுத இருப்பதை எழுதிய பிறகு இதற்கெல்லாம் மனசு வராது. உன் அக்கா மகள் தேவி எஸ்.பி.எம். பரீட்சையில் ஆறு ஏ வாங்கிவிட்டாள். அவள் பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பிள்ளைகளில் இதுவரை யாரும் அவ்வளவு வாங்கியதில்லையாம். இப்போது ஆறாம் பாரம் படிக்க ஈப்போவுக்கு வந்து, சிலிபினில் நம் வீட்டில் எங்களோடு இருக்கிறாள். அவள் தம்பி குமரன் ஓட்டத்தில் மாவட்டத்துக்கே முதலாவது. கோப்பையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் தூங்குகிறான் என்று உன் அக்கா சொல்கிறாள். உன் மகள் மீனா நாலு வயதில் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு நடுவில் நின்று பாட்டுப் பாடினாள் என்று நீ எழுதியதை நான் தெருவில் ஒரு வீடு விடாமல் சொல்லிவிட்டேன். நீயோ ஆஸ்பத்திரியில் ஒரு வார்டுக்கே பொறுப்பாளன். சந்தையில் மீன் விற்கிற சீனன்கூட என் கூடையைப் பார்த்ததும், சீமையில் இருக்கிற மகன் சுகமா என்று மலாயில் கேட்கிறான். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். என் வயிற்றில் பிறந்ததும் அதற்குப் பிறகு பிறந்ததும் இப்படி வந்ததைப் பார்த்து எனக்குத் திமிர் வந்துவிட்டது என்று உன் அப்பா சொல்வார். வந்தால் வரட்டும்.

இதை நான் தாப்பாவில் உன் அக்கா வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். சிலிபினில் எழுத முடியவில்லை. இரண்டு நாளாகத் தாளை எடுப்பதும், உன் அப்பா செருப்புச் சத்தம் கேட்டதும் அரிசி டின்னுக்குப் பின்னால் தள்ளுவதுமாக இருந்தேன். இன்றைக்குக் காலையில், மகளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி பஸ் ஏறிவிட்டேன். மத்தியானம் இரண்டு மணிக்குள் தபாலில் சேர்த்தால்தான் இன்றைய பையில் போகுமாம். உன் அக்கா வேலைக்குப் பள்ளிக்கூடம் போய்விட்டாள். நான் நாலு வரி எழுதுவதும், எழுந்து போய்க் கடிகாரத்தைப் பார்ப்பதும், மறுபடியும் உட்காருவதுமாக இருக்கிறேன். கையெழுத்து முன்போல் இல்லை என்று நினைக்காதே. அவசரத்தில் இருக்கிறேன்.

உன் கடிதமும் அந்தப் புத்தகமும் போன வாரம் வந்தன. உன் வார்டுக்கு வந்த கிழவர் உன் பெயரைப் பார்த்து எந்த ஊர் என்று கேட்டதும், நீ பேராக்கில் இன்ன தோட்டம் என்றதும், அவர் உன் கையைப் பிடித்துக்கொண்டு தமிழில் "நல்லா இருக்கியா" என்றதும், அவர்தான் நம் தோட்டத்தை நடத்திய நெட்டைத் துரை என்று தெரிந்ததும் எல்லாம் படித்தேன். அவர் தன் தோட்டத்து நாட்களைப் புத்தகமாக எழுதியதையும், அது அங்கே டெலிவிஷனில் வந்ததையும் படித்தேன். அடுத்த மாதக் கடைசிச் சனிக்கிழமை அந்த ஊர் நூலகத்தில் அவருக்குப் பாராட்டுக் கூட்டம். அதில் நீ மேடையேறி, அவர் தோட்டத்தை விட்டுப் போனபோது உன் அம்மா எழுதி வாசித்த வாழ்த்து மடலைத் தமிழிலேயே வாசிக்க ஒத்துக்கொண்டிருக்கிறாய். "அம்மா, உங்கள் எழுத்து இங்கே துரை வீட்டில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா" என்று எழுதியிருந்தாய். அந்த வரியைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை.

கடிதத்தைத் தேவிதான் உரக்கப் படித்தாள். புத்தகத்தைத் திறந்தவுடன் அவள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரி வந்துவிட்டாள்.

"பாட்டி, இது உங்க கையெழுத்தா? அப்படியே படம் புடிச்சுப் போட்டுருக்காங்க லா! தாத்தா, இங்க வாங்க, பாட்டி பெரிய ஆளாயிட்டாங்க!"

உன் அப்பா நாற்காலியை விட்டு எழவில்லை. "ஒங்க பாட்டி எப்பவும் பெரிய ஆளுதான். மைக்கு கையில குடுத்தா கீழ வைக்கமாட்டா" என்றார். நானும் சிரித்தேன். சேகர், உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பதினைந்து வருஷத்துக்குப் பிறகு அச்சில் பார்க்கிற என் 'ழ'. அந்தச் சுழியை நான் எப்போதும் கொஞ்சம் கூடுதலாக வளைப்பேன்.

தேவி கீழே இருந்த இங்கிலீஷைத் தமிழாக்கிச் சொல்லிக்கொண்டே வந்தாள். அவருடைய நாய்க்கு அந்தப் புத்தகத்தில் பெயர் இருக்கிறது. நம் ஆட்களில் ஒருவருக்கும் பெயர் இல்லை. கங்காணி ஒருவன், சமையல்காரன் ஒருவன், அழகான ரப்பர் பால்வெட்டுக்காரி ஒருத்தி, அவ்வளவுதான். மடலை நான் வாசித்தபோது அந்த எளிய ஜனங்கள் தேம்பி அழுதார்கள் என்று எழுதியிருக்கிறார். அழுதது நிஜம். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்கப்போகிறார்கள், லயத்து வீட்டை விட்டு எங்கே போவது என்று தெரியாமல் அழுதோம். குடியுரிமை இல்லாமல் அடையாள அட்டை சிவப்பாக இருந்தவர்கள் இன்னும் கூடுதலாக அழுதார்கள். மேடையிலிருந்து பார்க்கிறவருக்குக் கண்ணீர் மட்டும்தானே தெரியும்.

அப்புறம் தேவி ஒரு பக்கத்தைப் புரட்டிவிட்டுச் சிரித்தாள். "இதக் கேளுங்க பாட்டி. 'அந்த ஜனங்களுக்கு மரியாத யாரும் சொல்லிக் குடுக்கல. என் காரு சத்தம் கேட்டாலே சைக்கிள விட்டுத் தானா இறங்கி, ஓரமா நிப்பாங்க. இப்ப ஒலகத்துல அந்த மாதிரி மரியாத எங்க இருக்கு?' ஏன் தாத்தா, நீங்களும் இறங்கி நிப்பீங்களா?"

உன் அப்பா கையிலிருந்த கோப்பையைப் பார்த்தார். "தேத்தண்ணி ஆறிப்போச்சு. சூடு பண்ணிக் குடு" என்றார். கோப்பையிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது.

சேகர், உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லப்போகிறேன். உனக்குத் தெரியாமல் இருப்பதற்குக் காரணம் நான்தான்.

உனக்கு ஐந்து வயது முடியவில்லை. காய்ச்சலில் கண் செருகிவிட்டது. உன் அப்பா உன்னைத் தன் முதுகோடு சேர்த்துக் கைலியால் கட்டிக்கொண்டு, தோட்டத்து ஆஸ்பத்திரிக்குச் சைக்கிளை மிதித்தார். எதிரே துரை கார் வந்தது. கார் வந்தால் இறங்க வேண்டும், குடை பிடித்திருந்தால் மடக்க வேண்டும். மெர்டேக்கா என்று சுதந்திரம் வந்த பிறகு மற்ற தோட்டங்களில் அந்தப் பழக்கம் போய்விட்டது. நெட்டைத் துரை மட்டும் விடவில்லை. உன் அப்பா இறங்கவில்லை. உன்னைக் கட்டிக்கொண்டு இறங்கி ஏற முடியாது. மணியை அடித்துக்கொண்டே தாண்டிப் போய்விட்டார். நீ பிழைத்துக்கொண்டாய். மறுநாள் விடியற்காலையில், பெயர் கூப்பிடுவதற்காக எல்லாரும் வரிசையில் நிற்கிற பெரட்டில், துரை உன் அப்பாவை முன்னால் கூப்பிட்டார். இங்கிலீஷில் ஏதோ சொன்னார். ஆபீஸ் கணக்குப் பார்க்கிற பெரிய கிராணி அதைத் தமிழில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "இன்னையிலேருந்து இவன் தோட்டத்துக்குள்ள சைக்கிள் ஏறக்கூடாது. தள்ளிக்கிட்டுத்தான் போகணும். ஏறுனா வேல இல்ல."

காரணத்தை எடுத்துச் சொல்ல நான் கிராணியிடம் போனேன். "பிள்ளைக்குக் காய்ச்சல்னு சொல்லுங்கய்யா." "சொன்னேம்மா. காய்ச்சல் பிள்ளைக்குத்தான, அவனுக்கு இல்லையேன்னு கேக்குறாரு" என்றார். தோட்டத்தை விட்டுப் போனால் வேலையும் இல்லை, வீடும் இல்லை. உன் அப்பா தள்ளினார். கேட்டிலிருந்து லயம் வரைக்கும் ஒன்றரை மைல் செம்மண் சடக்கு. வெளியே ஏறி வருவார், கேட் வந்ததும் இறங்குவார். பத்து வருஷம். மழை கொட்டும்போதும் தள்ளிக்கொண்டுதான் வருவார். பின்னால் வருகிற சின்னப் பையன்கள் பெல்லை அடித்துக்கொண்டு அவரைத் தாண்டிப் போவார்கள்.

நீ என்னிடம் கேட்டாய். "அப்பா ஏம்மா உள்ள வந்தா மட்டும் தள்ளிக்கிட்டு வர்றாரு?" நான் சொன்னேன், "உள்ள கல்லுச் சடக்குப்பா. டயரு போயிரும். ஒங்கப்பா சிக்கனம்." நீ அதைப் போய் உன் சிநேகிதர்களிடம் பெருமையாகச் சொன்னாய். யாரும் உன்னைத் திருத்தவில்லை. லயத்தில் ஒவ்வொரு வீட்டிலும் பிள்ளைகளுக்குச் சொல்லாதது ஒன்று இருந்தது. அடுத்த வீட்டுப் பொய்யை யாரும் தொடமாட்டார்கள். பத்து வயதுக்கு மேல் நீ கேட்பதை நிறுத்திவிட்டாய். நம்பினாயா, அல்லது கேட்கக்கூடாது என்று புரிந்துகொண்டாயா, எனக்குத் தெரியாது. நம்பியிருக்கிறாய் என்று இப்போது உன் கடிதத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

உனக்கு நெட்டைத் துரை என்றால் பேனா. நீ மூன்றாம் பாரத்தில் தேறியபோது பெரட்டில் உன்னைக் கூப்பிட்டு, தன் சட்டைப் பையிலிருந்து எடுத்து உனக்குக் கொடுத்தாரே, அது. உன் அப்பாவை நிறுத்திய அதே இடம். அதையும் நான் பொய் என்று சொல்லவில்லை. அவர் கொடுத்தார், நீ வாங்கினாய், எனக்கு நெஞ்சு நிறைந்து போயிற்று. கொடுத்த கையும் அவருடையதுதான், தள்ளச் சொன்ன வாயும் அவருடையதுதான். ஒன்றை உனக்குக் காட்டினேன், இன்னொன்றை மறைத்தேன். அந்தத் தப்பு அவருடையது இல்லை, என்னுடையது.

இப்போது மடலுக்கு வருகிறேன். கடிகாரம் பதினொன்றரை.

துரை ஊருக்குத் திரும்புகிறார் என்றதும் கிராணி என்னைக் கூப்பிட்டார். "ஏம்மா, ஒன் எழுத்து முத்து முத்தா இருக்கும்பாங்க. மடல நீதான் எழுதணும், நீதான் வாசிக்கணும்." என்ன எழுதுவது என்று கேட்டேன். இழுப்பறையிலிருந்து பழைய தாள் ஒன்றை எடுத்துப் போட்டார். "போன தொரைக்கு எழுதுனது. பேர மட்டும் மாத்து." அதற்கு முந்திய துரைக்கும் அதே மடல்தானாம். கருணைக் கடலே, ஏழைகளின் தந்தையே, குன்றென நிமிர்ந்தவரே என்று போகும். போன துரை என் தோளுயரம்தான் இருப்பார். "அவரு குட்டையாச்சே ஐயா, குன்றுன்னு எழுதியிருக்கே" என்றேன். "குட்டையான குன்று இருக்கக்கூடாதா? எழுதும்மா, பொழுது போகுது" என்றார். நம் ஊரில் மடல் என்றால் அப்படித்தான். மாற்றலாகிப் போகிற ஆஸ்பத்திரிக்காரருக்கும் அதேதான், கோயில் பூசாரிக்கும் அதேதான். கல்யாணத்தில் பன்னீர் தெளிக்கிற மாதிரி, யார் வந்தாலும் தெளிப்போம். அதைச் சீமையில் ஒருவர் சட்டம் போட்டு மாட்டி, இது எங்கள் நெஞ்சிலிருந்து வந்தது என்று டெலிவிஷனில் காட்டுவார் என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்?

இதோடு நிறுத்திக்கொண்டால் எனக்கு வசதி. கிராணி சொன்னார், நான் பார்த்து எழுதினேன் என்று முடித்துவிடலாம். உன் அக்காவிடம் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன். ஆனால் அந்தப் பழைய தாளில் இல்லாத ஒரு வரியை நானாகச் சேர்த்தேன். "எங்கள் பிள்ளைகளைத் தங்கள் பிள்ளைகளாய்க் கண்டீர்." நீ உன் கடிதத்தில் எடுத்து எழுதி, எனக்கு மிகப் பிடித்தது இதுதான் அம்மா என்று சொல்லியிருக்கிறாயே, அந்த வரி. அதை எழுதச் சொல்லி யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. ஐந்தாம் வகுப்பில் என்னை நிறுத்திப் புல்வெட்டுக்கு அனுப்பிய நாளிலிருந்து என்னிடம் எழுது என்று சொன்னவர் ஒருவருமில்லை. ஒரு தாள், ஒரு மைப்புட்டி, வாசிக்க ஒரு மைக். நன்றாக எழுத வேண்டும், என் சொந்தமாக ஒன்று வைக்க வேண்டும் என்ற ஆசை. அந்த ஆசையில் உன் பேனா மட்டும் எனக்கு நினைவுக்கு வந்தது. உன் அப்பாவின் சைக்கிள் வரவில்லை. அது ஏன் வரவில்லை என்று நான் இன்றைக்கு வரை என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

வாசிக்கும்போது என் குரல் தோட்டம் முழுக்கக் கேட்டது. கடைசி வரிசைக்கும் பின்னால், சைக்கிளைப் பிடித்துக்கொண்டு உன் அப்பா நின்றார். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே, "நல்லா வாசிச்ச" என்றார். அதற்கு மேல் இந்தப் பதினைந்து வருஷத்தில் அவர் அதைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை.

துரை கப்பலேறிய மறுநாளும் உன் அப்பா தள்ளிக்கொண்டுதான் போனார். லயத்து ஆட்கள் கத்தினார்கள்: "அண்ணே, அந்த ஆளுதான் போயிட்டாரே, ஏறுங்கண்ணே!" இவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு வாரம் கழித்து நான் குழாயடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது ஏறி மிதித்துக்கொண்டு என்னைக் கடந்து போனார். அன்றைக்கு நீ பல வருஷம் கழித்து மறுபடியும் கேட்டாய், "இப்ப மட்டும் டயரு போகாதாம்மா?" "சடக்கச் சரிபண்ணிட்டாங்கப்பா" என்றேன். பொய் நாக்கில் தயாராக இருந்தது.

தேவி அந்தப் பக்கத்தைப் படித்த அன்றைக்குச் சாயங்காலம் உன் அப்பா என்னிடம் சொன்னார், "அவனுக்கு ஒண்ணும் எழுதாத."

"ஏன் எழுதக்கூடாது?"

"பிள்ள சந்தோசமா எழுதியிருக்கான். அதப் போயி கெடுப்பியா?"

"மேடையில நின்னு வாசிக்கப் போறானே."

"வாசிக்கட்டும். நீ வாசிக்கல?"

அவர் என்னைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை. அவருடைய மகன் அவரைச் சைக்கிள் தள்ளிய மனுஷனாக நினைத்துப் பார்க்கக்கூடாது, அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது. ஜெலாப்பாங் தொழிற்சாலையில் ஜாகாவாகக் காவல் நின்ற காலத்திலும் சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு போனவர். அவர் கேட்டுக்கொண்டதை மீறித்தான் எழுதுகிறேன். நீ பதில் எழுதும்போது இதைப் பற்றி எழுதுவதானால் அக்காவின் தாப்பா விலாசத்துக்கு எழுது. வீட்டுக்கு எழுதுகிற கடிதத்தில் எப்போதும்போல் சுகம் விசாரி.

போன மாதம் நம் தோட்டப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். லயம் இருந்த இடம் முழுக்க எண்ணெய் எடுக்கிற செம்பனை. நம் வீடு எது என்று காட்ட ஒரு செங்கல்லும் இல்லை. துரை பங்களா மட்டும் வெள்ளையடித்து நிற்கிறது. யார் யாரோ காரில் வந்து வராந்தாவில் நின்று படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். நானும் அப்படித்தான். டெலிவிஷனில் இங்கிலீஷ் நாடகம் வரும், வராந்தாவில் துரைசாணி அழுவாள், நானும் சேர்ந்து அழுவேன். அவளுக்குப் பின்னால் தட்டு ஏந்திக்கொண்டு நிற்கிறவனை நான் ஒருநாளும் ஏறிட்டுப் பார்த்ததில்லை. இந்தப் புத்தகம் வந்த பிறகு அந்த ஆளைத்தான் தேடுகிறேன். அவன் சீக்கிரம் ஓரமாகப் போய்விடுகிறான்.

நீ என்ன செய்ய வேண்டும் என்று கேட்பாய். அந்தக் கிழவரை நீ எப்போதும்போல் கவனித்துக்கொள். மருந்து கொடு, படுக்கையை மாற்று, அது உன் தொழில். அதில் ஒரு குறை வந்தால் எனக்குத்தான் தலைகுனிவு. சண்டை போடாதே. எண்பது வயது மனுஷனின் சட்டையைப் பிடித்து என்ன ஆகப்போகிறது? ஆனால் அந்தச் சனிக்கிழமை மேடையில் என் மடலை மட்டும் தனியாக வாசித்துவிட்டு இறங்காதே. வாசிக்கவே வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. நான் கட்டாயமில்லாமல் வாசித்தவள். வாசிப்பதானால், இதே மடல் மூன்று துரைகளுக்கு வாசிக்கப்பட்டது என்று சொல். சைக்கிளை விட்டு ஜனங்கள் ஏன் இறங்கினார்கள் என்று, அவர்களுக்குப் புரிகிற இங்கிலீஷில் சொல். இறங்காத ஒருவரும் இருந்தார் என்று சொல். அவர் முதுகில் யார் இருந்தது என்பதையும் நீதான் சொல்ல முடியும். சொல்ல வாய் வரவில்லை என்றால், வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போகாமல் இருந்துவிடு. எதைச் செய்தாலும் நான் கோபிக்கமாட்டேன். தெரியாமல் செய்துவிடாதே, அதற்காகத்தான் இவ்வளவும்.

மீனா வளர்ந்து, பாட்டி எழுதியதா இது என்று அந்தப் புத்தகத்தைக் காட்டிக் கேட்டால் அவளுக்கு முழுதும் சொல். என்னைக் காப்பாற்றுவதற்காக எதையும் விட்டுவிடாதே. பிள்ளை நிம்மதியாக இருக்கட்டும் என்று நான் சொன்ன சின்னப் பொய், முப்பது வயதில் உன்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தப் பார்த்தது என்று பார்.

மணி ஒன்றேகால். இன்னும் ஒன்றுதான். நீ கடிதத்தோடு அனுப்பிய படத்தில் துரையின் நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறாய், உன் தலைக்கு மேல் என் மடல் தொங்குகிறது. அந்தப் படத்தை நான் சுவரில் மாட்டவில்லை. "படம் எங்க?" என்று உன் அப்பா மூன்று தடவை கேட்டுவிட்டார். சட்டம் போடக் கொடுத்திருக்கிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். இத்தனை வரி எழுதிய பிறகும் அந்தப் பொய் என் வீட்டில் உட்கார்ந்திருக்கிறது. கடைக்காரரிடம் சட்டம் சொல்லியிருப்பது நிஜம்தான், உள்ளே வைக்கத்தான் படம் இல்லை. அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு எடுத்ததாகப் புதுப் படம் ஒன்று அனுப்பு. பக்கத்தில் மருமகளையும் மீனாவையும் நிறுத்திக்கொள். பெரிதாக எடு, முகம் நன்றாகத் தெரிய வேண்டும். உன் அப்பா கையில்தான் முதலில் கொடுப்பேன்.